ஈரப்பஞ்சு

அப்பா கடைசியாகத் தண்ணீர் கேட்டது ஒரு புதன்கிழமை சாயங்காலம். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்து, மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா எழுந்து ஒரு ஸ்பூன் எடுத்து உதட்டில் வைத்தாள். பாதி உள்ளே போனது. உடனே புரையேறிவிட்டது. இருமக்கூடத் தெம்பில்லாமல் முகம் நீலம் பாரித்தது. நான் மணியை அழுத்த, சிஸ்டர் ஓடி வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார். அது அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் அம்மா அந்த டம்ளரைத் தொடவே இல்லை. கட்டிலுக்குக் கீழே, பைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள்.

அந்தப் புதனிலிருந்து ஞாயிறு விடியற்காலை வரை நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய ஏழு நாளும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். ஆனால் அந்த ஏழு நாளும் ஓட்டம். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு, ரத்தத்துக்கு ஆள் தேட, ஸ்கேனுக்கு, பில் கட்ட, மறுபடி மருந்துக்கடைக்கு. ஓடிக்கொண்டிருக்கிறவரை அப்பாவுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற தைரியம் இருந்தது. "இனிமே புதுசா வாங்கிட்டு வர ஒண்ணுமில்லம்மா" என்று பெரிய டாக்டர் சொன்ன பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு நாள் தாடி. யாரும் சவரம் செய்துவிட நினைக்கவில்லை.

அப்பா தபால்காரர். மானாமதுரைப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் அலைந்தவர். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்த காலத்தில் மாதம் பிறந்தால் போதும், ஊர் ஊராகக் கிழவிகள் திண்ணையில் அவருக்காக உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து வர முடியாதவர்களென்றால் உள்ளே போய்ப் பாயருகே குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு ரேகை வாங்குவார். அப்படிப் போய்ப் போய் அவருக்கு ஒரு பார்வை வந்திருந்தது. ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்வார்: "அந்தக் கடைசி வீட்டு ஆத்தாவுக்குக் காது மடல் ஒட்டிருச்சு. மூக்குத்தண்டும் கூர்ந்துபோச்சு. அடுத்த மாசப் பணத்தை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார். அன்றைக்கு மறுசோறு கேட்க மாட்டார்.

காது மடலையும் மூக்கையும் பார்த்துச் சொல்வது நம் ஊர்ப் பெரியவர்களின் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் இருக்கும் எழுத்துகளிலும் இதே அடையாளங்கள் வருகின்றன என்று பிறகு படித்தேன்: கூர்த்த மூக்கு, குழி விழுந்த கண், உள்வாங்கிய நெற்றிப்பொட்டு, குளிர்ந்து சுருங்கிய காது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கெங்கோ இருந்த மனிதர்கள் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து இதையே சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ நாற்பத்திரண்டு வயதில் சாவை அருகிலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. என் பாட்டி வீட்டில் இறந்தபோது பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்கு வந்திருந்தது. ஐந்து மாதம் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸ் அம்மா வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டு, வலி எப்படி என்று விசாரித்துவிட்டுப் போவார். மார்பின் மாத்திரை தொடங்கியதும் அந்த நேரத்தில்தான். அம்மாவுக்கு அந்த மாத்திரை என்றால் பயம். "அதைக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொல்றாங்களே" என்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டியதை ஆறு மணி, எட்டு மணி என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். அப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார். இது எனக்குத் தெரியவந்தபோது அம்மாமேல் கோபப்படத் தோன்றவில்லை. அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லையே என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. வலிக்கு ஏற்ற அளவில் சரியாகக் கொடுக்கிற மார்பின் ஆளைக் கொல்லாது. வலியைக் குறைக்கும், மூச்சுத் திணறலையும் தணிக்கும்.

இந்தப் பயம் வீடுகளில் மட்டும் இருந்ததில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒரு கையெழுத்துத் தவறினால் வழக்கு வருமோ என்று பல ஆஸ்பத்திரிகள் மார்பினை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபினிச் செடி வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தேசத்தில், அந்தச் செடியின் மருந்து கிடைக்காமல் எத்தனை பேர் ராத்திரி ராத்திரியாகக் கத்திக்கொண்டு கிடந்திருப்பார்கள். அப்பாவுக்காவது கிடைத்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி ரத்த வாந்தி எடுத்தார். பாத்திரம் நிறைந்தது. இப்படி ஆகலாம், அப்படி ஆனால் இன்னதைச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் கருஞ்சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருந்திருப்போமோ என்னவோ. சொல்லாததால் ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். 50 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு வந்துவிட்டோம்.

சேர்த்த இரண்டாம் நாள், ராத்திரி ஒரு மணி இருக்கும். டியூட்டி டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். என் தம்பியைவிடச் சின்னப் பையன். "மூச்சு திணறினா ஐசியுவுக்கு மாத்தி வெண்டிலேட்டர் போடணும். போடலாமா வேணாமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அவருடைய போன் அடித்தது, பேசிக்கொண்டே நடந்துவிட்டார். ஒன்றரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல. எல்லாமே பாக்கச் சொல்லு. நான் லோன் போடுறேன்" என்று அழுதான். தூரத்தில் இருப்பவனால் பணத்தைத் தவிர வேறு எதை அனுப்ப முடியும். உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாயில் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவரு வேணாம்னாரு" என்றாள்.

"எப்பம்மா?"

"கொரோனா சமயத்துல டிவியில குழாய் மாட்டிப் படுத்துக் கெடந்தவங்களைக் காட்டினாங்கள்ல. அப்பச் சொன்னாரு. எனக்கு வந்தா இதெல்லாம் மாட்ட விட்றாத. உங்கையால ரெண்டு வாய்த் தண்ணி குடு, போதும்னாரு."

தம்பியிடம் அதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. என்னை நம்பாமல் இல்லை, அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அவனுக்கும் எனக்கும் நடுவில் அப்பாவே பேசியிருப்பார். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கியது என்று சொல்லி, இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதைச் செல்லும் என்றது. முதலில் அதற்கு மாஜிஸ்ட்ரேட் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். கெசட்டட் அதிகாரி கையெழுத்துக்காக ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேரைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் அப்பா. தனக்கொரு தாள் எழுதி வைக்கலாம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா பிடித்த கை நடுங்கவில்லை. அது ஏன் நடுங்கவில்லை என்று இப்போதும் சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமையிலிருந்து ராத்திரி டியூட்டிக்கு ஒரு சிஸ்டர் வந்தார். குமரி மாவட்டத்துக்காரர். முப்பது வயதிருக்கும். உள்ளே வந்ததும் முதலில் அப்பாவின் தோளைத் தொட்டு, "அப்பா, நான் நைட் சிஸ்டர் வந்திருக்கேன், உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்" என்றார். அப்பா முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு கண் திறக்கவில்லை. "கேக்குமா சிஸ்டர்?" என்றேன். "கேக்கும்னு நெனச்சே பேசுங்கக்கா" என்றார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னாளில் படித்தேன். சாகும் தறுவாயில் அசைவற்றுக் கிடந்த சிலரின் மூளை, ஒலி மாறும்போது ஆரோக்கியமானவர்களின் மூளையைப்போலவே எதிர்வினை காட்டியதாம். பேச்சைப் புரிந்துகொண்டார்களா என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரியே தம்பியின் போனை அப்பாவின் காதோரம் வைத்தேன். அவன் "அப்பா" என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னான். பிறகு அவன் மகள் பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்ததைச் சொன்னான். எங்களுக்கு நடுவில் இருந்த பேசாமை அதோடு போனது.

அம்மா சிஸ்டரிடம் கேட்டாள்: "பச்சைத்தண்ணிகூட இல்லாம இப்படியே கெடந்தா, பட்டினி போட்டுச் சாகடிக்கிற மாதிரி இல்லையா தாயி?"

சிஸ்டர் வேலையை நிறுத்திவிட்டு அம்மா பக்கத்தில் கீழே உட்கார்ந்தார். "சாப்பாடு இறங்காததாலதான் இப்படி ஆயிட்டாருன்னு நெனைக்காதீங்கம்மா. உடம்பு ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருது, அதான் கேக்க மாட்டேங்குது. இப்ப ட்ரிப்ஸ்ல நெறைய ஏத்துனா அது கால்லயும் நெஞ்சுலயும்தான் தேங்கும். மூச்சுக்குக் கஷ்டம். தாகம்கிறது இப்ப வாய் காஞ்சு போறதுதான். அதுக்கு நம்ம கையிலயே மருந்து இருக்கு."

காஸ் துணியில் கொஞ்சம் பஞ்சை வைத்துச் சுருட்டினார். தண்ணீரில் முக்கி, ஒட்டப் பிழிந்தார். மேலுதட்டில் ஆரம்பித்து, கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கு என்று மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார். நாக்கில் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வந்தது. கடைசியில் உதட்டில் தேங்காய் எண்ணெய். அப்பா ஈரத்தை ஒரு தடவை சப்பினார். குழந்தை சப்புகிற மாதிரி. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "சொட்டு தொண்டைக்குப் போகாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, கையை நீட்டிப் பஞ்சை வாங்கினாள்.

அதிலிருந்து அது அம்மாவின் வேலை. மணிக்கு ஒரு தரம், இருமுறை. எனக்கு, இரண்டு மணிக்கொருதரம் சிஸ்டரோடு சேர்ந்து திருப்பிப் படுக்கவைக்கிற வேலை, முதுகுக்கும் முட்டிகளுக்கு நடுவிலும் தலையணை கொடுக்கிற வேலை. தாடியை மழித்துவிட்டேன். மழித்த பிறகு முகம் என் தம்பி மாதிரி இருந்தது.

விரலில் மாட்டும் அந்தச் சின்ன ஆக்சிஜன் மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழெட்டு நாளாக எங்கள் கண் முழுக்க அதில்தான். 91, 88, 90. எண் ஏறினால் அம்மா முருகா என்பாள். வெள்ளிக்கிழமை விரல் சில்லிட்டு எண் வராமல் வெறும் கோடு காட்டியது. நான் அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினேன். கோடு. வேறு விரல். கோடு. சிஸ்டர் வந்து அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் சிவந்திருந்தது, நான் தேய்த்ததில். எத்தனை பேருடைய கட்டைவிரலை அப்பா எவ்வளவு பதமாகப் பிடித்திருப்பார். அப்புறம் அந்தக் கையைச் சும்மா பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் அத்தை வந்தார். அப்பாவின் ஒரே தங்கை. வந்ததும் வராததுமாகக் காலைத் தொட்டுப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். முட்டியில் வலைபோல நீலமும் சிவப்புமாகத் திட்டுகள் படர்ந்திருந்தன. அத்தைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஏ தாயி, வீட்டுக்குக் கொண்டு போயிரலாம். உசுரு சொந்த வாசல்ல போகட்டும்" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. சிஸ்டர் பகல் டியூட்டிக்காரரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர், நின்று சொன்னார்: "வழியிலயே போயிடலாம்க்கா. குலுக்கல்ல வலி வரும். வண்டிக்குள்ள நீங்க பக்கத்துல உக்காரக்கூட முடியாது." நான் இருக்க முடிவு செய்தேன். ஊரில் இன்னமும் சிலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அத்தை இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். வயல் மண். கூடவே ஒரு பழைய வெள்ளிக் காசு. இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு மண்ணாசை, பொன்னாசை தீராமல் இருக்கும் என்று மண்ணைக் கரைத்தும் காசை உரசியும் வாயில் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். மானாமதுரை மண் என்றால் கடத்துக்குப் பெயர் போனது, ஆனால் அத்தை கொண்டுவந்தது எங்கள் ஒன்றரை ஏக்கரின் காய்ந்த மண். சம்பளத்தில் சீட்டுக் கட்டி அப்பா வாங்கியது. "ஊத்தினா புரையேறும் அத்தை" என்றேன். அத்தையின் முகம் விழுந்துவிட்டது. அம்மாதான் எழுந்து, ஒரு மூடியில் மண்ணைத் துளி கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் பஞ்சை முக்கி, ஒட்டப் பிழிந்து அத்தை கையில் கொடுத்தாள். "உதட்டுல மட்டும் தொட்டு வைங்க மதினி." அத்தை தொட்டு வைத்தார். "அண்ணே, நம்ம வயக்காட்டுத் தண்ணிண்ணே" என்றார்.

ராத்திரி மூச்சு மாறியது. நாலைந்து மூச்சு ஒன்றைவிட ஒன்று ஆழமாக ஏறும், பிறகு இறங்கி இறங்கி நின்றுவிடும். நின்ற இடத்தில் நான் எண்ணுவேன். பத்து, பதினைந்து, இருபது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு பெருமூச்சோடு மறுபடி ஏறும். இந்த மூச்சுக்குச் செயின்-ஸ்டோக்ஸ் என்று பெயர். 1818-லும் 1854-லும் இதைப் பதிவு செய்த டப்ளின் மருத்துவர்கள் இருவரின் பெயர். தொண்டையில் கோழை கரகரத்தது. சிஸ்டர் குழாய் விட்டு உறிஞ்சவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கோழை சுரப்பதைக் குறைக்க ஊசி போட்டார். "இந்தச் சத்தம் கேக்கிற நமக்குத்தான் வேதனை. அப்பாவுக்குத் தெரியாது, நெத்தியைப் பாருங்க" என்றார். நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை.

நானும் பார்த்தேன். மூக்குத்தண்டு கூர்ந்திருந்தது. காது மடல் ஒட்டியிருந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது அத்தனையும் அவர் முகத்திலேயே இருந்தது. எனக்குப் பயம் போய்விட்டது. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அம்மாவையும் அத்தையையும் தூங்கவிடாமல் எழுப்பி உட்காரவைத்தேன். தம்பிக்குப் போன் போட்டு, பேச வேண்டாம், இணைப்பில் மட்டும் இரு என்றேன். சுவரில் ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலேமுக்காலுக்கு மூச்சு நின்றது. எண்ணினேன். இருபது. முப்பது. தாடை ஒரு தரம் அசைந்தது. நாற்பது, அறுபது. நான் எண்ணுவதை விட்டேன். சிஸ்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். டாக்டரைக் கூப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆக்சிஜன் குமிழில் கை வைத்தார்.

அம்மா அப்போதுதான் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டப் பிழிந்தாள். மேலுதடு, கீழுதடு, வாயின் இரண்டு ஓரம். எண்ணெய் தொட்டு வைத்தாள். அது முடிகிறவரைக்கும் சிஸ்டர் குமிழைத் திருகாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.